சன்னியும் நடுக்குவாதமும்

கொழும்பு மாநகரின் வடபால், களனி கங்கையின் தென்கரையை அடுத்துள்ள கிராண்ட்பாஸ் பகுதியை நேயர்களுட் பலர் அறிவீர்கள். போர்த்துக்கேயர் காலத்தில் ஆற்றைக் கடக்கும் பெருந்துறையாக விளங்கியமையால் அதற்கு அப்பெயர் வாய்த்தது. அங்கே நாகலகம் வீதியில் ஆற்றின் நீர்மட்டத்தைக் காட்டும் அளவுகோல் ஒன்று உண்டு. மழைக்காலம் வந்தால், அந்த அளவுகோல் எத்தனை அடி காட்டுகிறது என்பதைச் செய்திகளிலே கூர்ந்து கேட்பது அப்பகுதி மக்களின் வழக்கம். இதில் ஒரு விந்தை உண்டு. கிராண்ட்பாஸில் ஒரு துளி மழையும் விழாத நாளிலே அங்கு வெள்ளம் ஏறக்கூடும். வானம் வெளித்திருக்கும், வெயில் எறிக்கும், ஆயினும் தண்ணீர் வாசற்படியைத் தொடும். மழை பெய்தது அங்கன்று, தொலைவிலுள்ள மலைநாட்டிலே என்பதுதான் காரணம்.

இன்று நாம் ஆராயப் புகும் பொருள் வெள்ளமன்று; ஒரு நோய். ஆயினும் இந்த உவமையை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னர்ச் சொல்லப்போவதை விளங்கிக்கொள்வது எளிதாகும்.

அப்பகுதியில் வாழும் பெரியவர் ஒருவரை மனக்கண்முன் கொண்டு வருவோம். அவர் உண்மையில் ஒருவரல்லர். பலருடைய அனுபவத்தைச் சேர்த்து நாமே ஆக்கிக்கொண்ட உருவம். வீரகேசரிப் பத்திரிகை பல்லாண்டு வெளிவந்த பகுதியல்லவா அது? எனவே, நம் பெரியவரும் இளமையில் ஓர் அச்சுக்கூடத்திலே ஈய எழுத்துக் கோத்தவர் என்று வைத்துக்கொள்வோம். இப்போது வயது 74. எட்டு ஆண்டுகளாகப் பாக்கின்சன் நோய் அவருக்கு உண்டு. வலக்கை நடுங்கும், நடை குறுகிவிட்டது, சட்டைப் பொத்தான் பூட்டுவதற்கு மகளின் உதவி வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து வேளை மாத்திரை உட்கொள்ளுகிறார். ஆனால் அறிவு தெளிவாகவே இருக்கிறது. காலையிற் பத்திரிகை படிக்கிறார். அச்சுப்பிழை கண்டால் இன்றும் பென்சிலாற் குறியிடுகிறார்.

ஒரு நாள் இரவு அவர் உறங்கவில்லை. படுக்கை விரிப்பிலிருந்து எதையோ ஒவ்வொன்றாகப் பொறுக்கி இடக்கையில் அடுக்குவதுபோல் விரல்களை அசைக்கிறார். “இயந்திரம் காத்து நிற்கிறது, இந்தப் பக்கம் இன்னும் முடியவில்லை” என்கிறார். மகளைத் தம் இறந்துபோன மனைவியின் பெயர் சொல்லி அழைக்கிறார். விடிந்தபின் எழுப்பினாலும் எழாமற் கிடக்கிறார். மாலையில் மறுபடியும் பதற்றம். அயலவர் வந்து பார்த்து, “வயது போய்விட்டது, இனி இப்படித்தான்” என்கின்றனர். இன்னொருவர், நோய் முற்றிவிட்டது என்கிறார். வேறொருவர், நூல் கட்டினால் நன்று என்று யோசனை கூறுகிறார்.

மூவரும் அன்புடையவர்களே. ஆயினும் மூவர் கூற்றும் தவறு. நேற்று முன்தினம் வரை தெளிந்திருந்த அறிவு இரண்டொரு நாளிலே கலங்கினால், அது முதுமையன்று. பாக்கின்சன் நோயின் இயல்பான வளர்ச்சியும் அன்று. முதுமையும் அந்நோயும் ஆண்டுக்கணக்கில் நகர்பவை. இரண்டு நாளிலே வந்த கலக்கத்திற்கு இரண்டு நாளிலே தோன்றிய காரணம் ஒன்று இருத்தல் வேண்டும். இதன் பெயர் சன்னி.

சன்னி என்னும் சொல் நமக்குப் புதிதன்று. சுரம் கூடிச் சன்னி கண்டுவிட்டது என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்றும் ஒருங்கே கேடுற்றுக் கூடும் நிலையைச் சந்நிபாதம் என்றனர் பண்டை வைத்தியர். அச்சொல்லே குறுகி மக்கள் வழக்கிற் சன்னியாயிற்று. சிங்கள மக்களும் இச்சொல்லை ஆள்வர்; பதினெட்டுச் சன்னிகளுக்குரிய முகமூடிகளை அணிந்து ஆடும் சாந்திச் சடங்கு தென்னிலங்கையின் பழைய மரபு. மேனாட்டு வைத்தியர் இந்நிலையை டெலீரியம் என்பர். அச்சொல்லின் இலத்தீன் வேர், உழுகின்ற ஏர் சாலை விட்டு விலகுதலைக் குறிக்கும். நேராகச் சென்றுகொண்டிருந்த ஏர் திடீரென்று சால் மாறுவதுபோல, நேராகச் சென்றுகொண்டிருந்த சிந்தனை திடீரென்று தடம் மாறுகிறது. திடீரென்று என்னும் சொல்லே இங்கு முதன்மையானது.

இனி, நடுக்குவாதத்தைப் பற்றிச் சில கூறுவோம். ஆயுர்வேத நூல்கள் கம்பவாதம் என்று கூறும் நோய் இதனோடு ஒத்தது. இலண்டன் நகரிலே வைத்தியம் புரிந்த ஜேம்ஸ் பாக்கின்சன் என்பவர் 1817 ஆம் ஆண்டில் ஒரு சிறு நூல் எழுதி, ஆறு நோயாளரின் நிலையை விவரித்தார். அவர்களுட் சிலரை அவர் வீதியிலே கண்டு கவனித்தவரே. கை நடுங்குதல், உடல் முன்வளைதல், நடக்கத் தொடங்கினால் ஓட்டமாக மாறுதல் ஆகியவற்றை அவர் நுணுக்கமாகக் குறித்தார். ஓரிடத்தில், ஓயாத உறக்கமும் சிறிதளவு சன்னியும் தோன்றுவது முடிவு நெருங்கியதன் அறிகுறி என்னும் கருத்துப்பட எழுதினார். அக்காலத்திலே நோய்க்கிருமிகளைப் பற்றிய அறிவும் இல்லை, அவற்றை அழிக்கும் மருந்தும் இல்லை. ஆகவே சன்னி கண்டவர் பெரும்பாலும் மீளாதது அவருக்கு இயற்கையாகவே தோன்றியிருக்கும். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும், நம் வீடுகளில் அவர் கருத்தே நிலவுகிறது. அதை மாற்றிக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது.

மூளையின் அடிப்பகுதியிலே கருநிறம் பொருந்திய ஒரு சிறு பாகம் உண்டு. அங்குள்ள நரம்புக் கலங்கள் டோப்பமின் என்னும் இரசாயனப் பொருளை ஆக்குகின்றன. நாம் எண்ணியவாறு கைகால் இயங்குவதற்கு அப்பொருள் இன்றியமையாதது. சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன், டோப்பமின் மூளையிலே தனித்தொழில் புரிகிறது என்பதை 1950களின் இறுதியிற் காட்டினார். அதற்காக 2000 ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பாக்கின்சன் நோயாளரின் மூளையில் அப்பொருள் வற்றியிருப்பதை 1960 ஆம் ஆண்டில் வியன்னா நகர ஆய்வாளர் கண்டனர். டோப்பமினை நேராகக் கொடுத்தால் அது மூளைக்குட் புகாது. அதன் மூலப்பொருளாகிய லெவோடோப்பா புகும். 1967 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ஜோர்ஜ் கொற்சியாஸ் என்னும் வைத்தியர் டோப்பாவை உயர்ந்த அளவிலே தொடர்ந்து கொடுத்து, அசையாதிருந்தவர்களை நடக்கச் செய்தார். இன்றும் இந்நோய்க்கு முதல் மருந்து லெவோடோப்பாவே.

தமிழ் மக்களுக்கு உவகை தரும் செய்தி ஒன்றையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். நம் வேலிகளிலும் பற்றைகளிலும் படர்கின்ற பூனைக்காலிக் கொடியின் விதையிலே இந்த லெவோடோப்பா உண்டு. அதனை 1937 ஆம் ஆண்டில் அவ்விதையிலிருந்து பிரித்தெடுத்து அறிவித்தவர்கள் தாமோதரன், இராமசுவாமி என்னும் இருவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர் இரசாயன ஆய்வாளர்கள். அது பாக்கின்சன் நோய்க்கு மருந்தாகும் என்பது அப்போது உலகத்தில் எவருக்கும் தெரியாது. ஆயினும், விதையை இடித்துத் தாமே உட்கொள்ளலாம் என்று எவரும் எண்ணிவிடலாகாது. விதைக்கு விதை அளவு மாறும். அளவு மிஞ்சினால் அதுவே சித்தக்கலக்கத்தை உண்டாக்கும்.

பாக்கின்சன் நோயாளருக்குச் சன்னி ஏன் எளிதில் வருகிறது? அந்நோய் டோப்பமினை மட்டும் குறைப்பதன்று. கவனத்தையும் விழிப்பையும் காக்கின்ற அசற்றைல்கோலின் என்னும் பொருளையும் அது நாளடைவிற் குறைக்கிறது. ஆகவே அவருடைய மூளை, வெளிப்பார்வைக்குத் தெளிவாகத் தோன்றினும், சேமிப்பில்லாத குடும்பம் போன்றது. வருவாய்க்குள்ளே வாழ்க்கை நடக்கும். ஆனால் எதிர்பாராத செலவு ஒன்று வந்தால் தாங்காது. இளைஞனுக்குச் சிறுநீரிற் கிருமி தொற்றினால் எரிவும் சுரமும் மட்டுமே தோன்றும். பாக்கின்சன் நோயுள்ள முதியவருக்கோ எரிவு தெரியாமலும், சில வேளை சுரம் தானும் இல்லாமலும், முதன்முதலிற் கலங்குவது சிந்தையாகவே இருக்கும். மலைநாட்டிற் பெய்த மழை கிராண்ட்பாஸில் வெள்ளமாவது இவ்வாறே. வெள்ளம் தலையிலே, மழை பெய்த இடம் சிறுநீர்ப்பையாகவோ நெஞ்சாகவோ குடலாகவோ இருக்கலாம்.

சன்னிக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று ஆர்ப்பரிக்கும் முகம். நோயாளர் எழுந்து ஓட முயல்வார், இல்லாதவற்றைக் காண்பார், தம் பழைய தொழிலைக் கைகளாற் செய்து காட்டுவார். நம் பெரியவர் எழுத்துப் பொறுக்கியது இவ்வகை. இஃது எல்லோர் கண்ணிலும் படும். மற்றையது அமைதியான முகம். நோயாளர் சோர்ந்து கிடப்பார். கேட்டதற்கு நேரம் கழித்து ஒரு சொல்லில் மறுமொழி சொல்வார். ஊட்டிய கவளம் வாயிலேயே நிற்கும். தொந்தரவு தராத நோயாளர் என்று எல்லோரும் நிம்மதியடைவர். ஆனால் இவ்வகையே ஆபத்து மிக்கது. ஏனெனில் இது கண்டுபிடிக்கப்படுவதில்லை. பாக்கின்சன் நோயாளரின் முகம் இயல்பாகவே உணர்ச்சி காட்டாது, பேச்சும் மெலிந்திருக்கும். ஆதலின் அமைதியான சன்னியை அந்நோயின் மந்தமென்றே கருதி விட்டுவிடுவது எளிது.

சன்னியைப் பிறவற்றினின்றும் வேறுபடுத்தி அறிதலும் வேண்டும். பாக்கின்சன் நோயாளரிற் பலர், அறிவு தெளிந்திருக்கும்போதே, அறையின் மூலையில் ஒரு குழந்தையோ பூனையோ நிற்பதாகக் காண்பதுண்டு. அது மாதக்கணக்கில் வந்து போகும். அவரே அதைப் பொய்த்தோற்றமென்று சொல்லிச் சிரிப்பார். அது சன்னியன்று, ஆயினும் வைத்தியரிடம் கூறவேண்டியது. பல்லாண்டு கழிந்தபின் படிப்படியாக நினைவும் ஆற்றலும் தேய்ந்து வருவதும் உண்டு. அது மறதிநோய். சன்னி இவ்விரண்டும் அன்று. அது மணிக்கணக்கில் அல்லது நாட்கணக்கில் தோன்றும்; ஒரே நாளிற் காலையிலொன்றும் மாலையிலொன்றுமாக ஏறி இறங்கும்; எல்லாவற்றுக்கும் மேலாகக் கவனத்தைக் குலைக்கும். மறதிநோய் உள்ளவருக்கும் அதன்மேற் சன்னி வரலாம் என்பதையும் மறத்தலாகாது.

கவனம் குலைந்துள்ளதா என அறிய வைத்தியர்கள் கையாளும் எளிய சோதனை ஒன்றுண்டு. ஆண்டின் மாதங்களைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லும்படி கேட்பார்கள். மார்கழி, கார்த்திகை, ஐப்பசி என்று தொடங்கி ஏழு மாதங்கள் வரை பிழையின்றிச் சொல்பவருக்குக் கவனம் பெரும்பாலும் நிலைத்திருக்கிறது. சன்னி கண்டவர் இரண்டு மாதம் சொல்லி, மூன்றாவதிலே வேறெதையோ பேசத் தொடங்குவார். வீட்டிலிருப்போரும் இதனைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் இதனினும் சிறந்த சான்று வீட்டாரின் சொல்லே. நோயாளரை முன்பின் காணாத வைத்தியர், அவர் எப்போதும் இப்படியே என்று எண்ணக்கூடும். “டொக்டர், அப்பா முந்தநாள் வரை பத்திரிகை படித்தவர், இப்படி இருக்கவில்லை” என்று மகள் சொல்லும் அந்த ஒரு வாக்கியம், எந்த இயந்திரமும் காட்டாத செய்தியை வைத்தியருக்குக் கொடுக்கிறது. அதைச் சொல்லத் தயங்கலாகாது.

காரணங்கள் எவை? சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, நீர் போதாமை, மலச்சிக்கல், சிறுநீர் தேங்குதல், இரத்தத்தில் உப்புச்சத்துக் குறைதல், விழுந்து எலும்பு முறிதல், சத்திரசிகிச்சை, தாங்கொணா வலி, பல நாள் உறக்கமின்மை ஆகியன முதன்மையானவை. இவற்றோடு மருந்துகளும் சேரும். நடுக்கத்தைக் குறைக்கக் கொடுக்கப்படும் பென்ஸ்ஹெக்சோல் மாத்திரை, முதியோரின் மூளையில் ஏற்கெனவே குறைந்துள்ள அசற்றைல்கோலினின் வேலையை மேலும் தடுக்கும். தடிமனுக்கென்று பாமசியிற் சீட்டின்றி வாங்கும் குளோர்பெனிரமின் மாத்திரைக்கும் அக்குணம் ஓரளவு உண்டு. தூக்க மாத்திரையும் கெடுதி செய்யக்கூடும். ஒரே காரணம் மட்டும் இருப்பது அரிது. பெரும்பாலும் இரண்டு மூன்று சிறு காரணங்கள் ஒன்றுசேர்ந்தே கரையை உடைக்கின்றன.

இனி, மிகவும் கவனிக்கவேண்டிய இரண்டு செய்திகள். முதலாவது, பாக்கின்சன் மருந்தின் நேரம். வைத்தியசாலை விடுதிகளிலே மருந்து வழங்குவதற்குக் குறித்த வேளைகள் உண்டு. பாக்கின்சன் நோயாளரின் மாத்திரை வேளையோ அவருக்கென்றே அமைந்தது. ஒருமணி நேரம் பிந்தினாற்கூட உடல் இறுகி, விழுங்க இயலாது, மேலும் கலக்கமுறுவார். ‘உரிய நேரத்தில் கொடுங்கள்’ என்னும் இக்கோரிக்கையை முன்வைத்து, 2006 ஆம் ஆண்டு முதல் பிரித்தானியாவிலே இந்நோயாளர் சங்கம் ஓர் இயக்கமே நடத்திவருகிறது. குறித்த நேரத்திற்கு அரைமணி முன்பின்னாகவேனும் கொடுக்கவேண்டும் என்பது அவர்களின் வேண்டுகோள். வாய்வழி உண்ண இயலாதபோது மூக்குக் குழாய் வழியாக லெவோடோப்பாவைக் கொடுக்கலாம். சன்னி கண்டுவிட்டதே என அஞ்சி அதனைத் திடீரென்று நிறுத்துதல் கூடாது. நிறுத்தினால் கடுஞ்சுரமும் உடல் விறைப்பும் தோன்றி உயிருக்கே இடர் நேரலாம். மருந்துகளைக் குறைக்க வேண்டின், வைத்தியர் பென்ஸ்ஹெக்சோல் போன்றவற்றை முதலிற் குறைத்து, லெவோடோப்பாவை இறுதிவரை காப்பதே முறை.

இரண்டாவது, கொடுக்கக்கூடாத மருந்துகள். சன்னியால் ஆர்ப்பரிப்பவரை அடக்குவதற்கு வைத்தியசாலைகளிலே பொதுவாகப் பயன்படுவது ஹலோப்பெரிடோல். வாந்திக்குப் பொதுவாகக் கொடுப்பன மெற்றோகுளோப்பிறமைட், புறோகுளோபெரசின் என்பன. ஏனையோருக்கு இவை பயன் தரலாம். ஆனால் இவை டோப்பமினின் வேலையைத் தடுப்பவை. டோப்பமின் வற்றிய பாக்கின்சன் நோயாளருக்கு இவற்றைக் கொடுத்தால், வாடுகின்ற பயிருக்கு வரும் வாய்க்காலையும் அடைத்ததுபோலாகும். நோயாளர் மரக்கட்டைபோல் இறுகிவிடக்கூடும். ஆர்ப்பாட்டம் மிகுந்து மருந்து இன்றியமையாததானால், குவெற்றியாப்பின் முதலியவற்றைச் சிற்றளவில் வைத்தியர் தெரிந்தெடுப்பர். வாந்திக்கு டொம்பெரிடோன், இதய நிலையைக் கவனித்து, கொடுப்பதுண்டு. விடுதியில் அனுமதிக்கும்போதே, “இவருக்குப் பாக்கின்சன் நோய் உண்டு, இன்னின்ன மருந்து ஆகாது” என்று கிளினிக் புத்தகத்தின் முதற்பக்கத்தைக் காட்டுவது வீட்டாரின் கடமை.

சன்னி தெளிந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? முன்பு அவ்வாறே எண்ணினர். இன்று அவ்வெண்ணம் மாறிவருகிறது. முதியோர் பலரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2010 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ ஏடொன்றில் வெளியான கணக்கு ஒன்று உண்டு. ஏறத்தாழ 2 ஆண்டுகளின் பின், சன்னி கண்டவர்களுள் நூற்றுக்கு 38 பேர் இறந்திருந்தனர். காணாதவர்களுள் ஏறத்தாழ 28 பேரே இறந்திருந்தனர். முதியோர் இல்லங்களைச் சேர நேர்ந்ததும், பின்னர் மறதிநோய்க்கு ஆளானதும் சன்னி கண்டவரிடையே மிகுதி. பாக்கின்சன் நோயாளரைப் பற்றித் தனியாக ஆராய்ந்தவர்கள் இங்கிலாந்தின் நியூகாசில் நகர ஆய்வாளர். 2024 ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களின் ஆய்வில், வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட பாக்கின்சன் நோயாளருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்குச் சன்னி காணப்பட்டது. அந்நோயில்லாத முதியோரிடையே அது பத்தில் நால்வர் அளவே. சன்னி கண்ட பாக்கின்சன் நோயாளர், அடுத்த ஓராண்டினுள் இறக்கும் வாய்ப்பும் மறதிநோய்க்கு ஆளாகும் வாய்ப்பும் கூடியவர்களாகக் காணப்பட்டனர்.

இக்கணக்குகளைக் கேட்டு நேயர்கள் அஞ்சவேண்டியதில்லை. ஆனால் நிதானமாக விளங்கிக்கொள்ள வேண்டும். சன்னியே மூளைக்கு ஊறு செய்கிறதா, அன்றி ஏற்கெனவே நலிந்த மூளையைச் சன்னி வெளிப்படுத்திக் காட்டுகிறதா என்பது அறிஞரிடையே இன்னும் ஆராயப்படும் வினா. இரண்டும் ஓரளவு உண்மையாக இருக்கலாம். 2016 ஆம் ஆண்டு வைகாசி மாதத்திலே களனி பெருகிக் கொழும்பின் தாழ்ந்த பகுதிகளை மூழ்கடித்தது பலருக்கு நினைவிருக்கும். வெள்ளம் வடிந்தபின் சில வீடுகள் கழுவிவிட்டதும் முன்போலாயின. வேறு சில வீடுகளின் சுவர் வெடித்திருந்தது. முன்னமே நலிந்த சுவர் எது, வெள்ளத்தால் நலிந்த சுவர் எது என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. ஆயினும், வெள்ளம் குறைந்த நாள் நின்றால் சேதமும் குறையும் என்பதை எவரும் அறிவர். சன்னியும் அவ்வாறே. விரைந்து காரணத்தைக் கண்டு நீக்குவதும், வராமலே காப்பதும்தான் நம் கையில் உள்ளவை.

வராமற் காக்க முடியுமா? முடியும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வைத்தியர்கள், 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளரைக் கொண்டு செய்த ஆய்வை 1999 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்கள் கொடுத்தது விலையுயர்ந்த மருந்தன்று. நாளும் இடமும் நினைவூட்டிப் பேசினர். இரவில் ஓசையைக் குறைத்து உறங்கவிட்டனர். படுக்கையிலிருந்து எழுப்பி நடத்தினர். மூக்குக்கண்ணாடியும் காதுக்கருவியும் அணிவித்தனர். போதிய நீர் பருகச் செய்தனர். இவ்வாறு பேணப்பட்டவருள் நூற்றுக்கு 9.9 பேருக்குச் சன்னி வந்தது. வழக்கம்போற் பேணப்பட்டவருள் 15 பேருக்கு வந்தது. மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இவற்றுள் நம் வீட்டிலே செய்ய இயலாதது எது? அந்த ஆய்வு பாக்கின்சன் நோயாளரை மட்டும் கொண்டதன்று. ஆயினும் இப்பேணுகை அவர்களுக்கும் பொருந்தும்.

ஆகவே, பாக்கின்சன் நோயாளர் உள்ள வீட்டார் சிலவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம். மாத்திரைகளின் பெயரையும் அளவையும் மணிநேரத்தையும் ஓர் அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருத்தல். வைத்தியசாலைக்குச் செல்லும்போது அந்த அட்டையையும் மாத்திரைகளையும் மூக்குக்கண்ணாடியையும் ஒருங்கே கொண்டுசெல்லுதல். தாகம் இல்லையென்றாலும் அடிக்கடி நீர் கொடுத்தல். மலச்சிக்கலைச் சிறிதென்று விடாதிருத்தல். வைத்தியரைக் கேளாமல் எந்தப் புது மாத்திரையும் வாங்காதிருத்தல். சன்னி கண்டவரோடு வாதிடுதல் கூடாது. “அப்படி ஒன்றும் இல்லை, நீங்கள் பிதற்றுகிறீர்கள்” என்று அதட்டினால் அச்சமே வளரும். கையைப் பற்றி, பெயர் சொல்லி, இது நம் வீடு, நான் உங்கள் மகள் என்று மெதுவாகச் சொன்னாற் போதும். கட்டிலோடு கட்டிவைத்தல் அறவே கூடாது. தெளிந்தபின் சிலருக்கு அந்த நாட்களின் அச்சம் நினைவிலே நிற்கும். அப்போது நடந்ததை எடுத்துச் சொல்லி, அது நோயின் செயல், உங்கள் குற்றமன்று என்று ஆறுதல் கூறவேண்டும்.

நம் பெரியவரிடம் திரும்புவோம். மகள் தாமதியாமல் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றாள். சிறுநீரிற் கிருமி இருந்தது. ஐந்து நாளாக மலம் கழியவில்லை. தடிமனுக்கென்று இரண்டு நாள் மாத்திரையும் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். மூன்றும் கவனிக்கப்பட்டன. பாக்கின்சன் மாத்திரை அட்டையிற் கண்ட நேரப்படியே கொடுக்கப்பட்டது. ஆறாம் நாள் அவர் பத்திரிகை கேட்டார். முன்போல் முழுவதும் ஆகிவிட்டார் என்று சொல்வதற்கில்லை. நடை இன்னும் தளர்ந்தே இருந்தது, தேகப்பயிற்சி வேண்டியிருந்தது, பெயர்கள் சில நேரம் நினைவுக்கு வரவில்லை. மூன்று மாதத்தின் பின் நினைவாற்றலை மறுபடி சோதிக்க வைத்தியர் நாள் குறித்தார். இக்குறிப்பு மிக வேண்டியது. ஏனெனில் சன்னி கண்டவரைத் தெளிந்தவுடன் மறந்துவிடாது, அடுத்த ஆண்டு முழுவதும் கூர்ந்து கவனித்தல் வேண்டும்.

இலங்கையிலே முதியோர் தொகை பெருகி வருகிறது. 2012 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படியே நூற்றுக்கு 12 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். ஆதலின் இத்தகைய இரவு நம்மில் எவர் வீட்டிலும் வரலாம். அப்போது ஒன்றை மட்டும் நேயர்கள் நினைவிற்கொண்டாற் போதும். வானம் வெளித்திருக்கிறதென்று நாகலகம் வீதியார் நிம்மதியாக உறங்குவதில்லை. அளவுகோலைச் சென்று பார்க்கிறார்கள். பாக்கின்சன் நோயாளருக்கு அந்த அளவுகோல் வைத்தியசாலையில் இல்லை. அவரை நாள்தோறும் காண்கின்ற வீட்டாரிடமே இருக்கிறது. நேற்று இப்படி இல்லையே என்று அவர்கள் உள்ளத்திலே தோன்றினால், விடியும்வரை பொறுத்திராமல் அன்றே வைத்தியரை நாடுவார்களாக.